ஆண்களின் தோலுக்குத் தேன்: கரிசல் காட்டில் எது பலன், எது வீண்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காட்டில் வேலை பார்க்கும் ஆண்களின் தோலுக்கு வருடத்தில் ஓய்வான மாதமே கிடையாது. பங்குனி, சித்திரையில் கொதிக்கும் வெயில். ஆனி, ஆடியில் புழுதியை வாரி அடிக்கும் காற்று. மார்கழி, தையில் உதட்டைப் பிளக்கும் பனி. இதற்கு நடுவில் வியர்வை, உப்புத் தண்ணீர்க் குளியல், பருத்திக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் மருந்து, சீமைக் கருவேல முள். விளைவு என்னவென்று உங்களுக்கே தெரியும். குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு, சவரம் செய்த கன்னத்தில் எரிச்சல், தலையில் பொடுகு, பேசினால் ரத்தம் கசியும் உதடு.

இதையெல்லாம் ஒரு நோயாகவே நம் ஆண்கள் எடுத்துக்கொள்வதில்லை. "ஆம்பளைக்கு எதுக்கு இந்தப் பூச்செல்லாம்" என்று தள்ளிவிடுவார்கள். மாட்டின் குளம்பில் சின்ன வெடிப்பு கண்டாலும் வேப்பெண்ணெய் தேடும் அதே ஆள், தன் குதிகாலை நான்கு மாதம் கண்டுகொள்ள மாட்டார். இன்னொரு பக்கம், இளைஞர்கள் கைப்பேசியில் பார்த்ததை எல்லாம் முகத்தில் தடவிப் பார்க்கிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் பொருள் தேன்.

தேன் உண்மையிலேயே தோலுக்கு உதவுமா? உதவும். ஆனால் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் உதவாது. எதற்கு உதவும், எதற்கு உதவாது, எந்தத் தேனை வாங்க வேண்டும், அந்தத் தேனை நம் காட்டிலேயே எடுக்க முடியுமா என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

தேன் எப்படி வேலை செய்கிறது?

நன்கு முதிர்ந்த தேனில் நீரின் அளவு 20 சதவீதத்துக்குள்தான் இருக்கும். மீதி பெரும்பகுதி பழச்சர்க்கரையும் குளுக்கோஸும். இவ்வளவு செறிவான சர்க்கரைக் கரைசல் தன்னைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சும். ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையைத் தேனில் சர்க்கரை செய்கிறது. அதில் விழும் கிருமியிலிருந்து நீர் வெளியேறுவதால் கிருமி பெருக முடிவதில்லை.

இரண்டாவது, தேன் புளிப்பான பொருள். நாக்கில் இனிப்பு மட்டும் தெரிந்தாலும், அதன் அமிலத்தன்மை பி.எச். அளவில் 3.2 முதல் 4.5 வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்பும் சற்று அமிலத் தன்மை உடையதுதான். காரம் மிகுந்த துணிச் சோப்பைப் போட்டு முகம் கழுவினால் அந்தத் தன்மை கெடும். தேன் அப்படிக் கெடுப்பதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். தேனீ தன் உமிழ்நீரிலிருந்து ஒரு நொதியைத் தேனில் சேர்க்கிறது. அதன் பெயர் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். தேன் சற்று நீர்த்ததும் இந்த நொதி விழித்துக்கொண்டு, மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். மருத்துவமனையில் புண் கழுவ நுரைக்க நுரைக்க ஊற்றுகிறார்களே, அதே பொருள்தான். ஆனால் தேனில் அது மெல்ல மெல்ல, தோலைப் புண்ணாக்காத அளவில் வெளிவரும். சூடுபடுத்தினால் இந்த நொதி அழிந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைத் தேனைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நம் ஊரைப் போலவே கரிசலும் சோளமும் வறட்சியுமான ஊர் மகாராஷ்டிராவின் சோலாப்பூர். அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்த எம்.சுப்ரமணியம், மேலோட்டமான தீக்காயத்துடன் வந்த 104 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார். 52 பேருக்குத் தேன், 52 பேருக்கு அப்போது வழக்கத்தில் இருந்த வெள்ளி கலந்த களிம்பு. ஏழு நாட்களில் தேன் வைத்தவர்களில் 91 சதவீதம் பேரின் காயத்தில் கிருமி இல்லை. களிம்பு வைத்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு மட்டுமே அந்த நிலை. 1991இல் பிரிட்டனின் அறுவை சிகிச்சை இதழில் இது வெளியானது. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிய பொருளை உலக மருத்துவர்கள் திரும்பிப் பார்த்ததில் இந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு.

பிறகு பல நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து காக்ரேன் என்ற மருத்துவ மதிப்பாய்வு அமைப்பு 2015இல் அறிக்கை தந்தது. மேலோட்டமான தீக்காயம் தேனால் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகிறது, அறுவை சிகிச்சைக்குப் பின் சீழ் பிடித்த புண்ணுக்கும் தேன் உதவுகிறது என்றது. மற்ற வகைப் புண்களுக்கு உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது.

ஆண்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வு ஒன்று துபாயில் நடந்தது. தலை, முகம், மார்பில் செதில் செதிலாக உதிரும் கடும் பொடுகு உள்ள 30 பேர். அவர்களில் 20 பேர் ஆண்கள். தேன் ஒன்பது பங்கு, வெதுவெதுப்பான நீர் ஒரு பங்கு கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்து, மூன்று மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினார்கள். ஒரு வாரத்தில் அரிப்பும் செதிலும் அடங்கின. இரண்டு வாரத்தில் புண்கள் ஆறின. நான்கு வாரத்துக்குப் பிறகு, வாரம் ஒருமுறை தேய்ப்பதைத் தொடர்ந்த 15 பேருக்கு ஆறு மாதம் வரை பொடுகு திரும்பவில்லை. நிறுத்திய 15 பேரில் 12 பேருக்குத் திரும்பியது. 2001இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனாலும் செலவில்லாமல் செய்து பார்க்கத் தக்கது.

இனி மறுபக்கம். முகப்பருவுக்குத் தேன் என்று ஊரெல்லாம் பேச்சு. நியூசிலாந்தில் 136 பேரிடம் கானுகா என்ற மரத்தின் தேனை வைத்துச் சோதித்தார்கள். கிருமிநாசினி சோப்பு மட்டும் போட்டவர்களைவிட, சோப்புடன் தேனும் தடவியவர்களுக்கு எந்தக் கூடுதல் பலனும் தெரியவில்லை என்று 2016இல் அறிவித்தார்கள். ஆகவே பருவுக்குத் தேனை நம்பி ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். தழும்பாவதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். தேன் யாரையும் சிவப்பாக்காது. வெயிலில் உழைக்கும் தோல் கருப்பது தன்னைக் காத்துக்கொள்ளத்தான். தேன் வெயிலையும் தடுக்காது. அதற்குத் தலையில் துண்டு, முழுக்கை சட்டை, உச்சி வெயிலில் மர நிழல் ஆகியவைதான் வழி.

வீட்டில் செய்து பார்க்க மூன்று முறைகள்

எதைச் செய்வதற்கு முன்னும் ஒரு சோதனை. முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தேன் தடவி, சிறிது நேரம் கழித்துக் கழுவி, ஒருநாள் பாருங்கள். தடிப்போ அரிப்போ வந்தால் தேன் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மகரந்தம், தேனீக் கொட்டு ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலைக்கே போக வேண்டாம்.

முதலாவது, சவரத்துக்குப் பின் எரியும் கன்னத்துக்கு. சவரம் முடிந்ததும் குளிர்ந்த நீரில் முகத்தைக் கழுவுங்கள். துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே ஒரு தேக்கரண்டித் தேனை உள்ளங்கையில் இரண்டு சொட்டு நீருடன் குழைத்து மெல்லியதாகப் பூசுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கழுவிவிட்டு, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவுங்கள். கடைசியில் எண்ணெய் ஏன் என்றால், தேன் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருள். நம் ஊர்க் காற்றில் ஈரம் குறைவு. மேலே எண்ணெய் மூடாவிட்டால் பிடித்த ஈரம் காற்றோடு போய்விடும். வாரம் இரண்டு முறை போதும். மழுங்கிய பிளேடைத் திரும்பத் திரும்பப் போட்டால் எந்தத் தேனும் காப்பாற்றாது. சலூனில் உங்களுக்குப் புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள். படிகாரக் கட்டி எல்லோர் முகத்திலும் பட்டதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, பொடுகுக்கு. மேலே சொன்ன துபாய் முறைதான். ஒன்பது தேக்கரண்டித் தேனுக்கு ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான நீர். முடியில் பூசுவதைவிட மண்டையின் தோலில் படும்படி விரல் நுனியால் தேய்க்க வேண்டும். தாடி வைத்திருப்பவர்களுக்குத் தாடிக்குள்ளும் பொடுகு வரும், அங்கும் தேய்க்கலாம். மூன்று மணி நேரம் என்பதால் வேலை இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்துவிட்டு அப்படியே கயிற்றுக் கட்டிலில் படுத்துத் தூங்கிவிடாதீர்கள். எறும்பு வரிசை கட்டி வந்து எழுப்பும்.

மூன்றாவது, குதிகாலுக்கும் உதட்டுக்கும் களிம்பு. தேன்மெழுகு 20 கிராம், நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் 80 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் இன்னொரு கிண்ணம் வைத்து, கிண்ணத்தில் மெழுகையும் எண்ணெயையும் உருக்குங்கள். மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். இறக்கி வைத்து, தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்போது ஒரு தேக்கரண்டித் தேன் விட்டு, இறுகும் வரை கிளறுங்கள். கிளறாவிட்டால் தேன் அடியில் தங்கிவிடும். சின்ன டப்பாவில் அடைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இரவில் காலை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பீர்க்கங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, களிம்பைப் பூசுங்கள். மேலே பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டோ சாக்ஸ் போட்டுக்கொண்டோ தூங்குங்கள். வெடித்த தோலை பிளேடால் சீவுவது கூடாது. பத்துப் பதினைந்து நாளில் மாற்றம் தெரியும். காட்டில் வெறுங்காலோடு நடப்பதைக் குறைத்தால் அந்த மாற்றம் நிற்கும்.

தேன் பட்டால் முடி நரைக்குமா?

பொடுகுக்குத் தேன் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தேன் பட்ட முடி வெளுத்துவிடும் என்ற பயம் நம் ஊர்களில் தலைமுறையாக இருக்கிறது. முடியின் கறுப்பு நிறம் தோலுக்கு அடியில், முடியின் வேரில் உருவாகிறது. அங்குள்ள நிற அணுக்கள் வேலையை நிறுத்தும்போதுதான் நரை வருகிறது. மேலே தடவிக் கழுவும் தேன் அந்த வேரை எட்டாது. தேனில் உண்டாகும் பெராக்சைடும் முடியை வெளுக்க வைக்கும் அளவுக்கு இல்லை. துபாய் ஆய்வில் வாரக்கணக்கில் தலையில் தேன் தேய்த்தவர்களிடம் முடி உதிர்வு குறைந்ததாகத்தான் பதிவாகியிருக்கிறது. தைரியமாகத் தேய்க்கலாம். அதே நேரம், தேன் தடவினால் தாடி அடர்த்தியாக வளரும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

இவற்றைச் செய்யவே கூடாது

தேனில் எலுமிச்சைச் சாறு கலந்து முகத்தில் பூசும் பழக்கம் பரவலாக இருக்கிறது. காட்டு வேலை செய்பவர்களுக்கு இது ஆபத்து. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பி, கறுப்புத் திட்டாக மாறி, மாதக்கணக்கில் மறையாது. எலுமிச்சையைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூச்சிமருந்து தெளித்துவிட்டு வந்த உடம்பில் எதையும் தடவாதீர்கள். முதலில் சோப்புப் போட்டுக் குளித்து, துணியைத் தனியாகத் துவையுங்கள். மருந்து ஒட்டிய தோலின் மேல் தேனோ எண்ணெயோ பூசினால், மருந்தை உள்ளே வைத்து மூடியது போலாகும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். உங்கள் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சீமைக் கருவேல முள் ஏறியதே தெரியாமல் நாலு நாள் நடந்திருப்பீர்கள். தேன் புண்ணை ஆற்றும் என்று கேள்விப்பட்டு அதன் மேல் தேனைத் தடவி, துணியைக் கட்டி, இன்னும் பத்து நாள் விடுவீர்கள். உள்ளே முள்ளின் முனை முறிந்து கிடக்கும். சீழ் எலும்பு வரை போனால் விரலை எடுக்க வேண்டி வரும். சில சமயம் காலையே எடுக்க வேண்டி வரும். மருத்துவமனையில் புண்ணுக்கு வைக்கும் தேன், கதிர்வீச்சால் கிருமி நீக்கப்பட்டது. வீட்டில் இருக்கும் தேனில் மண்ணில் வாழும் கிருமிகளின் வித்துகள் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே திறந்த புண், ஆழமான புண், முள் குத்திய புண் எதற்கும் வீட்டுத் தேன் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கும் இதுவே பொருந்தும். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும்.

கரிமூட்டம் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீக்காயம் பட்டதும் முதல் வேலை, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவது. பற்பசை, மை, தேன் எதையும் உடனே பூசக் கூடாது. சோலாப்பூர் ஆய்வில் தேன் வைத்தது மருத்துவமனைக்குள், மருத்துவரின் கண் முன்னால்.

தொடை இடுக்கில், இடுப்பில் வட்ட வட்டமாக வரும் படர்தாமரைக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. போட்டவுடன் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும். அதைக் கைவிட வேண்டியதுதான். ஆனால் அதற்கு மாற்றாகத் தேனைப் பிசுபிசுவென்று பூசுவதும் சரியல்ல. மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சைக்கொல்லியைச் சொன்ன நாள்வரை போட்டு, உள்ளாடையைத் தினமும் வெயிலில் காயப்போடுங்கள். வேர்க்குருவுக்கும் தேன் வேண்டாம். அதற்குத் தேவை காற்றோட்டமும் குளியலும்.

கடைசியாக, தேன் டப்பா வீட்டில் இருந்தால் ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தொட்டு வைக்க யாரையும் விடாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தான தசை முடக்கத்தைத் தரலாம்.

எந்தத் தேன் நல்ல தேன்?

டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. சந்தையில் விற்கும் 13 பிராண்டுத் தேனைச் சோதித்ததில், என்.எம்.ஆர். என்ற நுட்பமான சோதனையில் 10 பிராண்டுகள் தேறவில்லை. வழக்கமான சோதனைகளில் அவற்றில் பெரும்பாலானவை தேறியிருந்தன. சோதனைக்குச் சிக்காதபடி தயாரிக்கப்பட்ட சர்க்கரைப் பாகு கலக்கப்படுகிறது என்பது மையத்தின் குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மறுத்தன. ஒன்று மட்டும் தெளிவு. தண்ணீர் டம்ளரில் சொட்டு விடுவது, திரியில் நனைத்துக் கொளுத்துவது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது ஆகிய வீட்டுச் சோதனைகள் எதையும் இன்றைய கலப்படம் எளிதாகத் தாண்டிவிடும். தேன் உறைந்தால் அது கலப்படம் என்பதும் தவறு. நல்ல தேன் பலவும் காலப்போக்கில் உறையும்.

கலப்படம் இல்லாவிட்டாலும், கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிய தேனில் அந்தக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி இருக்காது. இனிப்பு இருக்கும், தோலுக்கான வேலை பாதி போயிருக்கும். சூடு அதிகம் பட்ட தேனில் எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும். இது ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த தேனும் மெல்லக் காய்ச்சப்படுவது போலத்தான். கண்ணாடிப் பாட்டிலில், மூடி இறுக்கி, வெளிச்சம் படாத மூலையில் வையுங்கள். உறைந்தால் இளஞ்சூட்டு நீரில் பாட்டிலை நிற்க வைத்தால் போதும்.

கருவேலம் புதரில் கொம்புத்தேன் அழித்து, அடையைக் கையால் பிழிந்து விற்பவர்களிடம் வாங்குவதும் தோலுக்கு ஏற்றதல்ல. புழுவின் சாறும் மகரந்தமும் கலந்து, நீர் கூடி, சில வாரத்தில் புளித்துவிடும்.

நம் காட்டிலேயே தேன்

ஒரு மனிதருக்கு எவ்வளவு தேன் வேண்டும் என்று கணக்குப் போடுவோம். ஒரு தேக்கரண்டித் தேன் சுமார் 7 கிராம். முகத்துக்கு வாரம் இரண்டு முறை என்றால் 14 கிராம். வருடத்துக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இதற்காகப் போலித் தேனுக்குக் காசு கொடுப்பதைவிட, கிணற்று மேட்டில் ஒன்றிரண்டு பெட்டி வைத்துவிடலாம்.

"பூவே இல்லாத காட்டில் தேனீயா" என்று கேட்பீர்கள். சித்திரையில் வேம்பு பூக்கிறது. வருடப் பிறப்புக்குப் பச்சடி வைக்கும் அதே பூவில் தேனீயும் தேன் எடுக்கிறது. வேம்பு முடிந்து புளி. முருங்கை வருடத்துக்கு இரண்டு பட்டம். மழைக்குப் பின் மல்லி, எள், சூரியகாந்தி. வரப்போரத்தில் இலந்தையும் புங்கனும். ஏமன் நாட்டில் மிக உயர்ந்த விலைக்குப் போகும் சித்ர் தேன், நம் இலந்தையின் இனத்தைச் சேர்ந்த மரத்திலிருந்து வருவதுதான். சீமைக் கருவேலத்தைக் காட்டை விட்டு அகற்ற வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லாம் கருகும் மாதத்திலும் பூத்து நிற்பது அதுதான். அகற்றும் இடத்தில் வேம்பு, புங்கன், புளி, இலந்தை வைத்து நட்டால் தேனீக்கும் நட்டமில்லை.

வைக்க ஏற்றது அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீ. பெட்டியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் பூ இருக்க வேண்டும். மர நிழலில், காற்றுக்கு மறைவாக வையுங்கள். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. நம் வட்டாரத்தில் தேனீயைக் கொல்வது பசியைவிடத் தாகம். பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, உட்கார்ந்து குடிக்கக் கூழாங்கல் போடுங்கள். கோடையில் ஒருநாள்கூட அது காயக் கூடாது.

பூ இல்லாத மாதத்தில் சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் அடையில் சேர்வது சர்க்கரைதான். அதைத் தேன் என்று எடுக்கக் கூடாது. பூக்காலத்தில், தேனீக்கள் மெழுகால் மூடிய அறைகளைப் பார்த்து, பிழிகருவியில் சுற்றி எடுங்கள். மூடாத அறையில் நீர் அதிகம். வருடத்துக்கு ஒரு பெட்டியில் எட்டுப் பத்துக் கிலோ என்பது வளமான இடத்துக் கணக்கு. வானம் பார்த்த பூமியில் அதில் பாதி கிடைத்தாலும் ஒரு குடும்பத்துக்குச் சாப்பிடவும் பூசவும் மிஞ்சும். சூரியகாந்தியிலும் முருங்கையிலும் மகரந்தச் சேர்க்கையால் கூடும் காய்ப்பு தனி வரவு.

அருப்புக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மல்லிகையை மொட்டாகவே பறித்துவிடுவதால் தேனீக்கு அதில் தீனி இல்லை. ஆனால் மொட்டுப்புழுவுக்கு அடிக்கும் மருந்து காற்றில் பறந்து பெட்டியைச் சேரும். பூந்தோட்டத்துக்குத் தள்ளி வையுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லி, தேனீ அடங்கிய சாயங்காலத்தில் மருந்து அடிக்கச் சொல்லுங்கள். முகத்தில் பூசும் தேனில் மருந்து இருக்கக் கூடாது என்றால், அதற்கு வேறு வழியில்லை.

கூட்டத்தைத் தெரிந்த இடத்தில், நோயற்றதாகப் பார்த்து வாங்குங்கள். 1991, 1992 வாக்கில் பரவிய வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தது. தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் வட்டாரமும் தப்பவில்லை. அங்கு மீண்டும் கூட்டங்களைப் பெருக்கித் தொழிலை நிமிர்த்தினார்கள். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பயிற்சிக்கு அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். பெட்டிக்கு மானியம் உண்டா என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

விற்க நினைப்பவர்களுக்கு

வீட்டுத் தேவைக்குக் களிம்பு செய்வதில் தடையில்லை. அதையே டப்பாவில் அடைத்து, பெயர் ஒட்டி விற்க வேண்டுமானால் அது அழகுசாதனப் பொருள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். தேனை உணவாக விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். "பொடுகைக் குணமாக்கும், முகம் வெளுக்கும்" என்று தேன் பாட்டிலில் எழுதி ஒட்டினால் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள். எந்தக் காட்டுத் தேன், எந்த மாதம் எடுத்தது, எந்தப் பூ என்று மட்டும் உண்மையாக எழுதுங்கள். தேடி வந்து வாங்குவார்கள்.

சுருக்கமாக நினைவில் கொள்ளுங்கள். சவர எரிச்சல், உலர்ந்த உதடு, குதிகால் வெடிப்பு, பொடுகு ஆகிய நான்குக்கும் தேனைத் தயங்காமல் முயன்று பாருங்கள். நிறத்துக்கும் பருவுக்கும் தேனை வீணாக்காதீர்கள். புண் என்றால் மருத்துவமனை. இன்றிரவு படுக்கும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: விளக்கடியில் உட்கார்ந்து உங்கள் இரண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு மட்டும் இருந்தால் களிம்பு போதும். முள்ளோ, புண்ணோ, உணர்ச்சியில்லாத இடமோ தெரிந்தால், காலையில் காட்டுக்குப் போகும் முன் சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டுப் போங்கள்.